ரெண்டு நாள் நிறுத்தினாலே செல்ஃப் எடுக்கலையா? புது பேட்டரி வாங்கும் முன் ஒரு 10-ம் நம்பர் ஸ்பேனரை எடுங்க!

காலை 6 மணி. திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் ஒரு குறுகலான தெரு. வீட்டில் உள்ள பெரியவருக்கு ஸ்டான்லி மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு போடணும். சீக்கிரம் போனால்தான் வரிசையில் முன்னால் நிற்க முடியும். காரில் உட்கார்ந்து சாவியைத் திருகினால் 'டக்... டக்... டக்' என்ற சத்தம் மட்டும்தான் வருகிறது. செல்ஃப் எடுக்கவில்லை. நேற்று முன்தினம் ஓட்டிய கார் அது.

அடுத்து நடப்பது பலருக்கும் மனப்பாடம். பக்கத்து வீட்டு வண்டியில் இருந்து ஒயர் போட்டு ஸ்டார்ட் பண்ணி, நேராக பேட்டரி கடைக்குப் போனால், "பேட்டரி போயிடுச்சு சார், மாத்திடுங்க" என்பார்கள். சின்ன காருக்கே நாலாயிரம், ஐயாயிரம் ரூபாய் ஆகிவிடும். மூன்று வாரம் கழித்து அதே 'டக்' சத்தம் மறுபடியும் கேட்கும். வாரண்டிக்குப் போனால், "பேட்டரி நல்லா இருக்கு, உங்க வண்டியில லீக்கேஜ்" என்று திருப்பி அனுப்புவார்கள். எலெக்ட்ரீஷியனிடம் போனால் அவர் பேட்டரியைக் குறை சொல்வார். இருவருக்கும் நடுவில் வண்டிக்காரர்தான் அலைய வேண்டும்.

இந்த அலைச்சலைப் பெரும்பாலும் தவிர்க்க முடியும். பேட்டரி சார்ஜை வைத்துக்கொள்ள முடியாமல் விடுகிறதா, இல்லை கார் அதைக் குடிக்கிறதா என்ற ஒரு கேள்விக்கு மட்டும் முதலில் பதில் தெரிந்தால் போதும்.

நிறுத்தி வைத்த கார் எதற்கு கரண்ட் சாப்பிடுது?

சாவியை எடுத்துவிட்டால் கார் தூங்கிவிடும் என்றுதான் நினைக்கிறோம். முழுசாகத் தூங்காது. ரிமோட் சாவியின் சிக்னலுக்காக ஒரு பாகம் காத்துக்கொண்டிருக்கும். திருட்டு அலாரம் விழித்திருக்கும். கடிகாரம், ரேடியோவில் சேமித்த ஸ்டேஷன்கள், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரின் நினைவகம் எல்லாமே துளித்துளியாக கரண்ட் எடுக்கும். கோளாறு இல்லாத காரில் இது பொதுவாக 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை இருக்கும். அதுவரை பயப்பட ஒன்றுமில்லை.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். சின்ன கார்களில் இருப்பது பெரும்பாலும் 35 ஏ.ஹெச். பேட்டரி. கார் 30 மில்லி ஆம்பியர் எடுத்தால் ஒரு நாளைக்கு 0.7 ஏ.ஹெச். போகும். பாதி சார்ஜ் குறைந்துவிட்டாலே செல்ஃப் எடுப்பது சந்தேகம்தான். அப்படிப் பார்த்தால் ஒரு நல்ல கார் 24 நாள் வரை தாங்கும். பேட்டரிக்கு வயசாகி இருந்தால் இன்னும் கம்மி.

இதையே 300 மில்லி ஆம்பியராக வையுங்கள். ஒரு நாளைக்கு 7 ஏ.ஹெச்.க்கு மேல் போகும். ரெண்டரை நாளில் கதை முடிந்தது. டிக்கியில் இருக்கும் 5 வாட் பல்பு ஒன்று அணையாமல் எரிந்தால் இன்னும் மோசம். ரெண்டு நாள்கூட தாங்காது.

ஆக, மூன்று நான்கு வாரம் எடுக்காமல் நிறுத்திய கார் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் அது கோளாறே இல்லை, கணக்கு அப்படித்தான். ரெண்டு மூணு நாளில் இறங்குகிறது என்றால்தான் தேட வேண்டும்.

2020-ல் ஊரே பார்த்தது இதைத்தான்

கொரோனா ஊரடங்கு 2020 மார்ச் 25-ம் தேதி தொடங்கியது. முதலில் 21 நாள், பிறகு மே 3 வரை நீட்டிப்பு. மொத்தம் 40 நாள். சென்னையில் தொற்று அதிகமாக இருந்த மண்டலமாக ராயபுரம் செய்திகளில் அடிபட்டுக்கொண்டே இருந்த நேரம் அது. தெருக்களை தகரம் வைத்து அடைத்த பிறகு காரை எங்கே எடுப்பது? ஊரடங்கு தளர்ந்து வெளியே வந்தவர்கள் பலருக்கு பேட்டரி டவுன். மேலே போட்ட கணக்குப்படி, குறையே இல்லாத காருக்கும் 40 நாள் என்பது அதிகம்.

இப்போது ஊரடங்கு இல்லை. ஆனால் வண்டி நிற்பது குறையவில்லை. 2021 பிப்ரவரி 14-ம் தேதி வண்ணாரப்பேட்டையில் இருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ ரயில் ஓட ஆரம்பித்த பிறகு, பாரிமுனைக்கோ அண்ணா சாலைக்கோ வேலைக்குப் போகிறவர்களில் பலர் காரை வீட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுப்பார்கள், அதுவும் காசிமேட்டுக்கு மீன் வாங்க ஒரு 3 கிலோமீட்டர். கப்பல் வேலைக்குப் போகிறவர்கள் வீட்டுக் கார் மாதக்கணக்கில் அப்படியே நிற்கும். கொஞ்சம் லீக்கேஜ் இருந்தும் தினசரி ஓட்டத்தில் தெரியாமல் இருந்த வண்டிகள் இப்படி நிற்கும்போதுதான் மாட்டிக்கொள்கின்றன.

துறைமுகத்தில் நிற்கும் புது கார்கள் மட்டும் எப்படி தப்பிக்குது?

இதே வடசென்னையில்தான் ஏற்றுமதி கார்களும் வரிசைகட்டி நிற்கின்றன. இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் ஹூண்டாய் கார்கள் சென்னை துறைமுகம் வழியாகவும், ஒரகடத்தில் தயாராகும் நிசான் கார்கள் எண்ணூர் காமராஜர் துறைமுகம் வழியாகவும் கப்பல் ஏறுகின்றன. யார்டில் காத்திருப்பு, கடலில் பல வாரம், இறங்கிய ஊரில் மறுபடியும் காத்திருப்பு. அங்கே போய் செல்ஃப் எடுக்கவில்லை என்றால் கப்பலில் இருந்து எப்படி ஓட்டி இறக்குவது?

அதனால் கார் நிறுவனங்கள் இதற்கென்றே ஒரு ஏற்பாடு வைத்திருக்கின்றன. சில கார்களில் 'டிரான்ஸ்போர்ட் மோட்' என்று கம்ப்யூட்டரிலேயே ஒரு நிலை உண்டு. அவசியமில்லாத பாகங்களை அது தூங்க வைத்துவிடும். சில கார்களில் ஒரு குறிப்பிட்ட ஃபியூஸை மாட்டாமலே அனுப்புவார்கள், ஷோரூமில் டெலிவரி கொடுக்கும் முன் மாட்டிவிடுவார்கள்.

பலருக்குத் தெரியாத விஷயம், அந்த வசதி உங்கள் காரிலேயே இருக்கலாம். ஹூண்டாய், கியா மாடல்கள் பலவற்றில் டிரைவர் பக்க ஃபியூஸ் பெட்டிக்குள் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். ஒரு மாதத்துக்கு மேல் காரை எடுக்கப் போவதில்லை என்றால் அதை ஆஃப் பண்ணி வைக்கும்படி கம்பெனி கையேட்டிலேயே போட்டிருப்பார்கள். ஆஃப் பண்ணினால் கடிகாரம், ஆடியோ, உள்விளக்கு போன்றவை நின்றுவிடும், திரும்ப வந்து ஆன் பண்ணிக்கொள்ளலாம். காரோடு கொடுத்த அந்தப் புத்தகத்தை நம்மில் எத்தனை பேர் பிரித்துப் பார்த்திருக்கிறோம் என்பது வேற கதை.

உப்புக்காற்றும் வெள்ளமும்

கடலோரத்தில் வாழ்கிறவர்களுக்கு பீரோ, கேட், ஏசி அவுட்டோர் எல்லாம் துருப்பிடிப்பது பழகிய விஷயம். பேட்டரியில் அது வேறு மாதிரி வேலை செய்யும்.

பானெட்டைத் திறந்து பேட்டரியின் மேல்பகுதியைப் பாருங்கள். கறுப்பாக ஒரு படலம் படிந்திருக்கிறதா? எண்ணூர் பக்கம் என்றால் நிலக்கரித் தூசியும் சாம்பலும் அதில் சேர்ந்திருக்கும். வெறும் தூசி ஒன்றும் செய்யாது. அதோடு கடல் காற்றின் உப்பு ஈரமும், பேட்டரியில் இருந்து கசியும் ஆசிட் ஆவியும் கலந்தால் அந்தப் படலம் கரண்டைக் கடத்தும். பிளஸ் முனையில் இருந்து மைனஸ் முனைக்கு பிளாஸ்டிக் மூடியின் மேலேயே ஒரு மெல்லிய பாதை உண்டாகிவிடும். காரில் எந்த ஃபியூஸைப் பிடுங்கினாலும் இந்தக் கசிவு நிற்காது.

கண்டுபிடிப்பது எளிது. மல்டிமீட்டரை 20 வோல்ட் டி.சி.யில் வைத்து, கறுப்பு ஒயரை மைனஸ் முனையில் வைத்துக்கொண்டு, சிவப்பு ஒயரின் நுனியை பேட்டரியின் பிளாஸ்டிக் மேல்பகுதியில் மெதுவாக இழுத்துப் பாருங்கள். பூஜ்யம்தான் காட்ட வேண்டும். அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று ஏதாவது காட்டினால் மேலேயே லீக்கேஜ் ஓடுகிறது. மருந்து சமையலறையில் இருக்கிறது. ஆப்ப சோடாவை தண்ணீரில் கரைத்து, பேட்டரி ஒயர்களைக் கழற்றிவிட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துத் துடைக்கவும். மேலே மூடிகள் உள்ள பேட்டரி என்றால் அவை இறுக்கமாக இருக்கட்டும், சோடா தண்ணீர் உள்ளே போனால் பேட்டரி கெட்டுவிடும். பிறகு நல்ல தண்ணீரில் துடைத்து, காயவிட்டு, முனைகளில் லேசாக வாஸ்லின் தடவினால் போதும்.

முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருப்பது வேறு பிரச்சனை. அது கரண்டைக் குடிப்பதில்லை. கரண்ட் போய் வரும் வழியை அடைக்கிறது. பேட்டரி நல்லா இருந்தும் செல்ஃப் எடுக்காது, ஓடும்போது சார்ஜும் சரியாக ஏறாது. இதைச் சுத்தம் பண்ணியதுமே 'சரியாகிவிட்ட' கார்கள் நிறைய. அப்படிப்பட்ட காருக்கும் சில நேரம் புது பேட்டரி விற்றுவிடுகிறார்கள்.

அடுத்தது வெள்ளம். 2023 டிசம்பர் 4-ம் தேதி மிக்ஜாம் புயல் மழையில் திருவொற்றியூர், மணலி, எண்ணூர் மூழ்கியது மறந்திருக்காது. மணலி பக்கம் இருந்து வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வந்து எர்ணாவூர் வரை வீடுகளில் கறை படிய வைத்தது. அன்று தெருவில் நின்ற கார்களில் இன்ஜினுக்கு ஒன்றும் ஆகாமல், கால் மிதிக்கும் கார்பெட் வரை மட்டும் தண்ணீர் ஏறிய வண்டிகள் பல. உரிமையாளர்கள் 'தப்பிச்சோம்' என்று நினைத்திருப்பார்கள். ஆனால் காரின் ஒயர்கள் பெரும்பாலும் போவது அந்த கார்பெட்டுக்கு அடியில்தான். சீட்டுக்கு அடியில் இருக்கும் ஒயர் இணைப்புகளில் புகுந்த தண்ணீர் மாதக்கணக்கில் மெதுவாக அரிக்கும். பச்சை பூத்து, ஒரு ஒயருக்கும் பக்கத்து ஒயருக்கும் நடுவே கரண்ட் கசிய ஆரம்பிக்கும். வெள்ளத்தில் நின்ற காரில் அதன் பிறகு பேட்டரி அடிக்கடி இறங்கினால், எலெக்ட்ரீஷியனிடம் அந்த விவரத்தை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பழைய கார் வாங்குகிறவர்களும் கார்பெட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு விலை பேசுவது நல்லது.

சரி, எப்படி கண்டுபிடிப்பது? முதல் சோதனைக்கு மீட்டரே வேண்டாம்

முதலில் பேட்டரியை முழுசாக சார்ஜ் பண்ண வேண்டும். ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு வந்தால் முழு சார்ஜ் ஆகாது. பேட்டரி கடையில் சார்ஜரில் போடச் சொல்லுங்கள், ஒரு ராத்திரி பிடிக்கும்.

பிறகு அதை காரில் வைத்து, மைனஸ் ஒயரை மட்டும் கழற்றி விடுங்கள். பெரும்பாலான கார்களுக்கு 10-ம் நம்பர் ஸ்பேனர் போதும். பிளஸ்ஸை முதலில் கழற்றக் கூடாது. ஸ்பேனர் பாடியில் பட்டால் தீப்பொறி பறக்கும். கையில் மோதிரம், வளையல் இருந்தால் கழற்றிவிட்டு வேலை செய்யுங்கள். கழற்றிய ஒயர் முனையைத் துணியில் சுற்றி ஓரமாக வைத்துவிடலாம். ரிமோட் வேலை செய்யாது என்பதால் காரை சாவியால்தான் பூட்ட வேண்டும், மறந்துபோய் சாவியை உள்ளே வைத்துவிடாதீர்கள்.

இப்போது முக்கியமான விஷயம். வழக்கமாக எத்தனை நாளில் பேட்டரி இறங்குமோ, அத்தனை நாள் அப்படியே விடுங்கள். ரெண்டு நாளில் என்றால் ரெண்டு நாள். பிறகு ஒயரை மாட்டி ஸ்டார்ட் பண்ணுங்கள்.

ஒரே திருகில் செல்ஃப் எடுத்தால் பேட்டரி பெரும்பாலும் நல்ல பேட்டரி. கரண்டைக் குடிப்பது கார். புது பேட்டரி வாங்கினால் அதையும் குடிக்கும். எதையுமே இணைக்காமல் சும்மா இருந்தும் பேட்டரி இறங்கிவிட்டது என்றால், மேல்பகுதி சுத்தமாகத்தான் இருக்கிறது என்றால், பேட்டரிக்குள்ளேயே கோளாறு. அப்போது மாற்றத்தான் வேண்டும், வாரண்டி இருந்தால் தைரியமாகப் பேசலாம்.

மீட்டர் இருந்தால் இன்னும் துல்லியமாகத் தெரியும். ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்கு மல்டிமீட்டர் கிடைக்கும். காரை நிறுத்தி சில மணி நேரம் கழித்து பேட்டரி முனைகளில் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால். 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே போனால் கிட்டத்தட்ட காலி. காரை நிறுத்திய உடனே அளந்தால் பொய்யாக அதிகம் காட்டும், நம்பாதீர்கள்.

இன்ஜின் ஓடும்போது அதே முனைகளில் பொதுவாக 13.8-ல் இருந்து 14.5 வோல்ட் வரை வர வேண்டும். 12 சொச்சத்திலேயே நின்றால் டைனமோ, அதாவது ஆல்டர்னேட்டர், சார்ஜ் ஏற்றவில்லை என்று சந்தேகப்படலாம். ஸ்மார்ட் ஹைப்ரிட் போன்ற புது கார்களில் மட்டும் இந்த எண் ஏறி இறங்கும். எரிபொருளை மிச்சப்படுத்த கம்ப்யூட்டரே அதைக் குறைக்கும், அதைக் கோளாறு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கார் தூங்கும் வரை காத்திருங்கள்

லீக்கேஜை நேரடியாக அளப்பதில்தான் அதிகம் பேர் தவறு செய்கிறார்கள். மெக்கானிக்குகளும் விதிவிலக்கில்லை.

முறை இதுதான். சாவியை எடுத்து, எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, மீட்டரை டி.சி. 10 ஆம்பியரில் வையுங்கள். மீட்டரின் சிவப்பு ஒயரை '10 ஏ' என்று போட்ட துளையில் செருக வேண்டும். மைனஸ் ஒயரைக் கழற்றி, பேட்டரியின் மைனஸ் முனைக்கும் கழற்றிய ஒயருக்கும் நடுவே மீட்டரை வைக்க வேண்டும். காருக்குப் போகும் கரண்ட் முழுவதும் இப்போது மீட்டர் வழியாகத்தான் போகும்.

மீட்டரை வைத்ததும் 1 ஆம்பியர், 2 ஆம்பியர் என்று காட்டும். "பாருங்க, எவ்வளவு லீக்கேஜ்!" என்று பல கடைகளில் சொல்வது இந்த எண்ணைத்தான். அது தப்பு. ஒயரைக் கழற்றி மாட்டியதால் காரின் கம்ப்யூட்டர்கள் எல்லாம் விழித்துக்கொண்டிருக்கின்றன. அவை ஒவ்வொன்றாகத் தூங்கப் போக அரை மணி நேரம் ஆகும், சில கார்களில் ஒரு மணி நேரம்கூட ஆகலாம். அதுவரை கதவைத் திறக்கக் கூடாது. ரிமோட்டை அமுக்கக் கூடாது. சாவியை பாக்கெட்டில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றால் சில கார்கள் தூங்கவே தூங்காது, அதை வீட்டுக்குள் வைத்துவிடுங்கள். உள்ளே இருக்கும் ஃபியூஸ் பெட்டியைப் பார்க்க கதவு திறந்திருக்க வேண்டும் என்றால், கதவின் லாக்கை ஒரு ஸ்குரூ டிரைவரால் அமுக்கி மூடியது போல ஆக்கிவிடலாம். கதவு மூடிவிட்டது என்று கார் நம்பிவிடும். வேலை முடிந்ததும் கதவு ஹேண்டிலை இழுத்து லாக்கைத் திறந்துவிட்டுத்தான் கதவைச் சாத்த வேண்டும்.

அரை மணி நேரம் கழித்து 0.02, 0.05 என்று இறங்கி நின்றால் கார் சுத்தம். 0.3, 0.5 என்று அடம்பிடித்தால் ஏதோ ஒன்று தூங்கவில்லை.

மீட்டர் மாட்டி இருக்கும்போது ஸ்டார்ட் பண்ணவே கூடாது, மீட்டரின் ஃபியூஸ் அந்த நொடியே போய்விடும். அளந்து முடித்ததும் சிவப்பு ஒயரை மறக்காமல் வோல்ட் துளைக்கு மாற்றுங்கள். 10 ஆம்பியர் துளையிலேயே விட்டுவிட்டு அடுத்த நாள் பேட்டரியின் ரெண்டு முனையிலும் வைத்தால் அது நேரடி ஷார்ட் சர்க்யூட்.

எந்த வழியில் போகிறது என்று தேட, ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்குவது பழைய முறை. புது கார்களில் ஒரு ஃபியூஸைப் பிடுங்கி மாட்டினாலே தூங்கியதெல்லாம் எழுந்துவிடும், மறுபடியும் அரை மணி நேரம் போச்சு. நல்ல எலெக்ட்ரீஷியன் செய்வது வேறு. ஒயரை எல்லாம் மாட்டிவிட்டு, கார் தூங்கிய பிறகு மீட்டரை மில்லி வோல்ட்டில் வைத்து, ஃபியூஸின் தலையில் தெரியும் ரெண்டு சின்ன உலோகப் புள்ளிகளில் முனைகளை வைப்பார். பூஜ்யம் என்றால் அந்த ஃபியூஸ் வழியாக கரண்ட் போகவில்லை. ஏதாவது எண் காட்டினால் அந்த வழியில்தான் போகிறது. அந்த ஃபியூஸ் எதற்கு என்று பெட்டி மூடியின் உள்பக்கமே படம் போட்டிருக்கும்.

பெரும்பாலும் மாட்டுவது யார்?

வெளியில் மாட்டிய பொருட்கள்தான். கார் ஷோரூமை விட்டு வந்த பிறகு நாம் ஆசைப்பட்டுச் சேர்த்தவை. ஆடியோ செட்டுக்கு ரெண்டு பவர் ஒயர் உண்டு. மஞ்சள் ஒயர் நேராக பேட்டரிக்கு, நினைவகத்துக்காக. சிவப்பு ஒயர் சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் இடத்துக்கு. அவசரத்தில் ரெண்டையும் ஒன்றாக முறுக்கி பேட்டரியோடு கொடுத்துவிட்டால் திரை அணைந்திருந்தாலும் செட் விழித்தே இருக்கும். டாஷ்கேமின் 'பார்க்கிங் மோட்' அடுத்தது. நிறுத்திய காரையும் படம் பிடிக்க அது ராத்திரி முழுக்க வேலை செய்யும், அதற்கு கரண்ட் சும்மா வராது. குறிப்பிட்ட வோல்ட்டுக்குக் கீழே போனால் தானாக அணையும் வசதி உள்ள கருவியாக இருந்தால் பரவாயில்லை. டாஷ்போர்டுக்கு அடியில் உள்ள சாக்கெட்டில் செருகி வைக்கும் புளூடூத் ஸ்கேனரையும் நினைவில் வையுங்கள். பார்க்க ஊக்கு அளவுதான் இருக்கும், ஆனால் சில கார்களை அது தூங்கவே விடாது.

கால் டாக்ஸி ஓட்டுகிறவர்கள் வண்டியில் கட்டாயமாக மாட்டியிருக்கும் ஏ.ஐ.எஸ். 140 ஜி.பி.எஸ். கருவியையும் ஒரு முறை அளந்து பார்க்கச் சொல்லலாம். சட்டப்படி அது இருக்க வேண்டிய கருவி என்பதால் கழற்றிப் போடக் கூடாது, பொருத்தியவரிடமே சரிசெய்து வாங்க வேண்டும். ஃபாஸ்டேக் மீது சிலர் சந்தேகப்படுகிறார்கள். அது பாவம், வெறும் ஸ்டிக்கர். கார் பேட்டரியோடு அதற்கு சம்பந்தமே இல்லை.

டிக்கி விளக்கு அணைகிறதா என்று எப்படிப் பார்ப்பது? செல்போனில் வீடியோ ஆன் பண்ணி உள்ளே வைத்து டிக்கியை மூடுங்கள். ஒரு நிமிடம் கழித்து எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். டாஷ்போர்டு பெட்டிக்குள் விளக்கு இருந்தால் அதற்கும் இதே வித்தைதான்.

எந்த ஃபியூஸிலும் சிக்காமல் லீக்கேஜ் மட்டும் இருந்தால் ஆல்டர்னேட்டரைப் பார்க்க வேண்டும். அதற்குள் இருக்கும் டையோடு கெட்டுப்போனால் பேட்டரியின் கரண்ட் திரும்பி அதற்குள்ளேயே ஓடும். ராத்திரி முழுக்க நின்ற காரில் காலையில் ஆல்டர்னேட்டரைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கிறதா? அப்படி இருந்தால் சந்தேகம் உறுதி. ஒட்டிக்கொண்ட ரிலேவும் இதே போல சூடாகக் காட்டிக் கொடுக்கும்.

தினமும் 5 நிமிடம் ஸ்டார்ட் பண்ணி வைத்தால் போதுமா?

அக்கம்பக்கத்தில் எல்லோரும் சொல்லும் யோசனை இது. ஒரு முறை ஸ்டார்ட் பண்ண ஆகும் செலவு உண்மையில் கம்மிதான். 200 ஆம்பியர் போனாலும் ரெண்டு விநாடிதானே, 0.1 ஏ.ஹெச். ஆகும். ஆனால் 5 நிமிடம் ஐடிலில் ஓடி பேட்டரிக்குத் திரும்பக் கிடைப்பது நல்ல நிலையிலேயே ஒரு ஏ.ஹெச். அளவுக்குத்தான் இருக்கும். ஏசியும் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் அதுவும் இல்லை. நாளைக்கு 7 ஏ.ஹெச். குடிக்கும் காருக்கு இது யானைப் பசிக்கு சோளப்பொரி. இன்ஜினும் முழுசாகச் சூடேறாமல் சைலன்சருக்குள் ஈரம் தங்கும். அதற்கு வாரம் ஒரு முறை அரை மணி நேரம், முக்கால் மணி நேரம் நிஜமாகவே ஓட்டுவது மேல். எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஏசி போட்டு அரை மணி நேரம் நிற்பது அந்தக் கணக்கில் வராது.

மாதக்கணக்கில் வெளியூர், வெளிநாடு போகிறவர்கள் மைனஸ் ஒயரைக் கழற்றிவிட்டுப் போவதே எளிது. கடிகார நேரமும் ரேடியோ ஸ்டேஷனும் அழியும், அவ்வளவுதான். சில கார்களில் ஆடியோ செட்டுக்கு ரகசிய எண் கேட்கும், அதை முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கழற்றி வைத்தாலும் லெட் ஆசிட் பேட்டரி தானாகவே கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். வெப்பம் 10 டிகிரி கூடினால் அந்த வேகம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். மே மாதம் வெயிலில் நிற்கும் காருக்கும் நிழலில் நிற்கும் காருக்கும் வித்தியாசம் தெரியும்.

ஒரு முறை முழுசாக இறங்கிய பேட்டரியை 'அப்புறம் பார்க்கலாம்' என்று போட்டு வைக்காதீர்கள். உள்ளே தகடுகளில் சல்பேட் படிந்து கெட்டியாகிவிடும், பிறகு சார்ஜ் போட்டாலும் பழைய பலம் வராது. லீக்கேஜ் காரில் இருந்தாலும் கடைசியில் பேட்டரியும் சாவது இப்படித்தான். நாலைந்து முறை அடியோடு இறங்கிய பேட்டரி என்றால், லீக்கேஜை சரிபண்ணிய பிறகும் அதை மாற்ற வேண்டி வரலாம். ஆனால் வரிசை முக்கியம், முதலில் லீக்கேஜ், பிறகுதான் பேட்டரி.

அவசரத்துக்கு ஜம்ப் கொடுக்கிறீர்களா?

இரண்டு கார்களின் பாடியும் தொடக் கூடாது. சிவப்பு ஒயரை முதலில் இறங்கிய பேட்டரியின் பிளஸ்ஸில், அடுத்து நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில் மாட்டுங்கள். கறுப்பு ஒயரை நல்ல பேட்டரியின் மைனஸில் மாட்டி, அதன் மறுமுனையை இறங்கிய காரின் இன்ஜினில் பெயின்ட் இல்லாத இரும்புப் பகுதியில், பேட்டரியில் இருந்து தள்ளி மாட்டுங்கள். பேட்டரியில் இருந்து ஹைட்ரஜன் வாயு வரும், பக்கத்தில் தீப்பொறி கூடாது. பீடி, சிகரெட் பிடித்துக்கொண்டு குனிந்து பார்க்கும் அண்ணன்களை தூரமாக நிற்கச் சொல்லுங்கள்.

தள்ளி ஸ்டார்ட் பண்ணுவது ஆட்டோமேட்டிக் கியர் கார்களுக்கு ஒத்துவராது. மற்ற கார்களிலும் பேட்டரி அடியோடு செத்திருந்தால் பெட்ரோல் பம்பும் கம்ப்யூட்டரும் வேலை செய்யாது, ராயபுரம் தெருவில் நாலு பேர் எவ்வளவு தூரம் தள்ளினாலும் பயன் இல்லை. எலெக்ட்ரிக் காரிலும் ஹைப்ரிட் காரிலும்கூட ஒரு சின்ன 12 வோல்ட் பேட்டரி உண்டு, அது இறங்கினாலும் வண்டி எழாது. அவற்றில் ஆரஞ்சு நிற ஒயர் எதையும் தொடக் கூடாது. இன்சூரன்ஸில் 'ரோட்சைடு அசிஸ்டன்ஸ்' சேர்த்து எடுத்திருந்தால் ஜம்ப் ஸ்டார்ட் வசதி பெரும்பாலும் அதிலேயே இருக்கும், பாலிசியை ஒரு முறை பார்த்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

கடைக்குப் போகும்போது வெறும் கையோடு போகாதீர்கள். ஒயரைக் கழற்றி வைத்த நாட்கள், அதற்கு முன்னும் பின்னும் இருந்த வோல்ட், கார் தூங்கிய பிறகு மீட்டர் காட்டிய மில்லி ஆம்பியர் மூன்றையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பேட்டரி கடைக்காரர் "வண்டியில லீக்கேஜ்" என்று சொன்னால், 0.03 காட்டும் மீட்டர் படத்தை எடுத்து நீட்டலாம். எலெக்ட்ரீஷியன் "பேட்டரிதான் சரியில்லை" என்றால், ஒயரைக் கழற்றி வைத்த பிறகும் 12.6 காட்டிய படம் இருக்கிறது. பேட்டரியை மாற்றியே ஆக வேண்டும் என்றாலும் பழையதை வீட்டு மூலையில் போடாமல் கடையிலேயே திருப்பிக் கொடுத்து விலையில் கழித்துக்கொள்ளுங்கள். அதில் இருப்பது ஈயமும் ஆசிட்டும், பிள்ளைகள் புழங்கும் இடத்தில் வைக்கக் கூடிய பொருள் இல்லை.